சேலத்துக்குக் குடிவருகிறவர்கள் முதலில் திறந்து பார்க்க வேண்டியது குழாயை

சேலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வாடகையைக் கேட்கும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" பதிலை வீட்டுக்காரரிடம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி, வாசலில் குடம் கழுவிக்கொண்டிருக்கும் அக்காவிடமும் கேட்க வேண்டும். இருவரும் சொல்லும் நாட்கணக்கு ஒத்துப்போனால் அடுத்த பேச்சுக்குப் போகலாம்.

இங்கே நல்ல தண்ணி என்றால் காவிரி. உப்புத் தண்ணி என்றால் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. பல வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் தொட்டி. இந்தப் பிரிவினை தெரியாமல் வருகிறவர்கள் முதல் வாரம் உப்புத் தண்ணியில் பருப்பைப் போட்டுவிட்டு, குக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குக்கரில் பழுதே இல்லை. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும். எத்தனை விசில் விட்டாலும் மசியாது. சோப்பு நுரைக்காமல் போவதும், தலைமுடி வரட்டு வரட்டென்று நிற்பதும், குழாய் மூக்கில் வெள்ளையாகப் படிவதும் இதே காரணத்தால்தான்.

காவிரித் தண்ணீர் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் அது ஏன் சில நாள் வராமல் போகிறது என்பதும் புரியும். மேட்டூரில் எடுத்து, சுத்திகரித்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் குழாயில் தள்ளி, ஊருக்குள் மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றி, அங்கிருந்து தெருத்தெருவாக முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள். மேட்டூர்ப் பக்கம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினாலோ, வழியில் எங்காவது பெரிய குழாய் உடைந்தாலோ, உங்கள் தெருவின் முறை தள்ளிப்போகும். ஒரு நாள் நின்றால் சரியாவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காலியான தொட்டிகள் நிரம்பி, விட்டுப்போன தெருக்களின் முறை முடிந்த பிறகுதானே நம் தெருவுக்கு வரும்? ஆகவே முறை நாளைப் போலவே முக்கியமானது, வீட்டின் சம்ப் எவ்வளவு பிடிக்கும் என்பது.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நகர வீடுகளுக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். இதில் குடிக்கவும் சமைக்கவும் போவது 20 லிட்டர்தான். மீதியெல்லாம் குளியல், துணி, பாத்திரம், கழிப்பறை. வீட்டில் போர் இருந்தால் காவிரியை அந்த 20 லிட்டருக்கும், குளியலுக்கும், துணிக்குக் கொஞ்சமும் வைத்துக்கொண்டு மீதியை உப்புத் தண்ணியில் ஓட்டலாம். போர் இல்லாத வீடு, ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்றால் குறைந்தது 2,700 லிட்டர் சம்ப் வேண்டும். முறை தவறும் நாளையும் சேர்த்தால் 3,500. சம்பின் மூடியைத் திறக்கச் சொல்லி டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆறடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழம் என்றால் 120 கன அடி, கிட்டத்தட்ட 3,400 லிட்டர். விளிம்பு வரை நிரம்பாது என்பதால் 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். அதே சம்ப் மூன்று குடித்தனத்துக்குப் பொது என்றால் குடித்தனத்துக்கு ஆயிரம்தான். வீட்டுக்காரர் "பெரிய தொட்டிங்க" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எத்தனை வீடு அதில் மோட்டார் போடுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தண்ணீர் திறக்கும் நேரமும் முக்கியம். சில தெருவில் விடியற்காலை, சில தெருவில் நடுப்பகல். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்து, பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர் விட்டால், பிடித்து வைக்க ஆள் வேண்டும். சம்புக்கு மிதவை வால்வு போட்ட வீடு என்றால் அந்தத் தொல்லை இல்லை. தானே நிரம்பி தானே நின்றுகொள்ளும். அந்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குடிவரும் முன்பே போட்டுத்தரக் கேளுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், வந்தபின் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

போர் தண்ணீரை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். கையில் பிடிக்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. இந்தியக் குடிநீர்த் தர அளவில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. கடினத்தன்மைக்கு 200, 600. கடினத்தன்மையைத் தோராயமாகப் பார்க்க, ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, நாலு சொட்டு திரவ சோப்பு விட்டு நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். மேலே நுரை நின்றால் பரவாயில்லை. நுரையே கட்டாமல் தண்ணீர் பால் கலந்தது போல் மங்கினால், அந்தத் தண்ணீர் கீசரையும் வாஷிங் மெஷினையும் தின்றுவிடும். சரியான எண் வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம்.

வீட்டுக்குள் குழாயில் வரும் காவிரியின் டிடிஎஸ் 500க்குக் கீழே இருந்தால், குடிநீருக்கு ஆர்ஓ இயந்திரம் வேண்டியதில்லை. வடிகட்டியும் புறஊதா விளக்கும் உள்ள கருவி போதும், காய்ச்சிக் குடித்தாலும் போதும். ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளும். நாள் எண்ணிப் பிடித்து வைத்த காவிரியை அப்படிச் சாக்கடையில் விட மனம் வரக் கூடாது. போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்ற வீட்டுக்கு ஆர்ஓ சரி. கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வாசல் கழுவிக்கொள்ளலாம். செடிக்கு ஊற்றினால் உப்பேறி வாடும்.

கீசரை முடிந்த வரை காவிரி டேங்கில் இணைக்க வேண்டும். முடியாவிட்டால் வெப்பத்தை 50 முதல் 55 டிகிரியில் வைத்துவிடுங்கள். 60ஐத் தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும். படிந்த கம்பி சுடத் தாமதமாகும், மின்சாரம் கூடுதலாக ஓடும், ஒரு நாள் வெடிப்பு விட்டு நின்றுவிடும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுரண்டச் சொல்லுங்கள். ஷவர், குழாய் மூக்கு, கெட்டில் இவற்றுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும்: ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டால் படிவு பொருக்காகக் கழன்று வரும். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் கலந்த கழிப்பறைத் திரவத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மேடும் பள்ளமும்

சேலம் ஒரு கிண்ணம். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. வடக்கு உயரம். மழைத்தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து ஏரி ஏரியாக இறங்கி, ஊருக்கு நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றில் சேர்ந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. கன்னங்குறிச்சியின் புது ஏரி நிரம்பினால் மூக்கனேரிக்கு வரும். இந்தத் தொடரில் எங்கோ ஓரிடத்தில் ஓடை அடைபட்டால், தண்ணீர் பழைய வழியைத் தேடித் தெருவுக்குள் நுழையும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று இடியோடு கொட்டும் மழையும், புரட்டாசி, ஐப்பசி மழையும்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். கிச்சிப்பாளையத்தின் நாராயண நகர், பச்சப்பட்டி, சிவதாபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடு பார்த்தால் மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மழையில்லாத மாதத்தில் பார்க்கிறவர்களுக்கும் சில தடயங்கள் உண்டு. சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் நேராக ஒரு கறைக்கோடு ஓடுகிறதா? வாசல் படி தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, பதினைந்து இருபது வருடத்தில் ரோடு உயர்ந்து, வீடு குழிக்குள் போன தெருக்கள் ஏராளம். தரைத்தளத்துக் கழிப்பறையின் வெளியேறும் குழாய் தெருச் சாக்கடை மட்டத்தைவிடக் கீழே இருந்தால், மழையன்று சாக்கடை உள்ளே திரும்பும். திரும்பாமல் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தச் சொல் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் போடவில்லை என்றே பொருள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடு என்றால் செப்டிக் டேங்க் எப்போது எடுத்தது, எடுக்கும் செலவு யாருடையது என்பதை எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். லாரி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செலவு குறையும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள்.

எந்தப் பக்கம்

வெளியூர்க்காரர்கள் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சாரதா கல்லூரி சாலை என்றே கேட்பார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பெரிய கடைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் வாடகையும் அதற்கேற்ப. அஸ்தம்பட்டியும் கோரிமேடும் கன்னங்குறிச்சியும் மலையைப் பார்த்த பகுதிகள். சாயங்காலக் காற்று அங்கேதான் முதலில் வரும். சூரமங்கலமும் ஜாகீர் அம்மாபாளையமும் ஜங்ஷனுக்குப் பக்கம், ரயிலில் அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு ஏற்றவை. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே வேலை என்றால் ஓமலூர் சாலையை ஒட்டி வீடு பாருங்கள், பழைய ஊருக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பழைய சேலம் வேறு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, தாதகாப்பட்டி, கொண்டலாம்பட்டி நெசவால் வளர்ந்தவை. ஒரே தெருவில் தமிழும் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடியதால் பேர் பெற்ற செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கும் மளிகை மொத்த வியாபாரத்துக்குமான இடம். நாடு முழுக்கப் போகும் கொலுசுகள் அங்கும் சுற்றியும் உள்ள பட்டறைகளில்தான் உருவாகின்றன. இந்தப் பகுதிகளில் வாடகை குறைவு, அக்கம்பக்கம் நெருக்கம், ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். தனியாக வரும் பெரியவர்களுக்கு நான் பழைய சேலத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் காதையும் மூக்கையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும். விசைத்தறி சுவர் வழியாகவே நடுங்கும், கைத்தறி அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது வீடு பார்த்துவிட்டு அமைதியான தெரு என்று முடிவு செய்தவர்கள் திங்கட்கிழமை காலையில் திகைத்துப்போவார்கள். வேலை நாளில், காலை ஒரு முறையும் இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முறையும் போய் நில்லுங்கள். வெள்ளிப் பட்டறைக்கு அடுத்த வீடு என்றால் அமில நெடி வருகிறதா என்று பாருங்கள்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. திருமணிமுத்தாற்றுக் கரையில் சாக்கடையும் சாயக் கழிவும் கலந்த வாடை கோடையில் கூடும். கிழக்கே அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி, ஆத்தூர் வரை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் உண்டு. மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் பருவத்தில் புளித்த மாவு வாடை காற்றோடு வரும். அந்தப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் ஆலை ஓடும் மாதத்தில் போய்ப் பார்ப்பது நல்லது.

ஊருக்குள் இரண்டு பேருந்து நிலையங்கள் இருப்பதை மறக்க வேண்டாம். மெய்யனூரில் இருக்கும் புதிய பேருந்து நிலையத்தில் வெளியூர் வண்டிகள். பழைய பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்கள். ஜங்ஷனிலிருந்து பழைய பேருந்து நிலையம் ஆறு கிலோமீட்டர் போல. காலை ஒன்பதிலிருந்து பத்து வரையும் மாலை ஐந்தரைக்கு மேலும் ஐந்து ரோடு, நான்கு ரோடு வழியாக அந்தத் தூரம் அரை மணியைத் தாண்டும். முகூர்த்த நாளில் மண்டபங்களின் முன் நிற்கும் வண்டிகளால் இன்னும் கூடும். மேம்பாலம் கடந்துபோகிறவர்களுக்கு உதவுகிறது, பாலத்துக்கு அடியில் கடைக்குப் போகிறவர்களுக்கு அல்ல. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் வீடு தேடும்போது, அந்த வண்டிகள் அடிக்கடி ஓடும் தடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் மாதச் செலவில் நல்ல தொகை மிஞ்சும்.

வெயில், மீட்டர், பத்திரம்

மார்ச்சிலிருந்து மே வரை 40 டிகிரியைத் தொடும். மாடி வீட்டின் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். மூன்று தளக் கட்டடத்தில் நடுத்தளம் கிடைத்தால் விடாதீர்கள். மேல்தளம்தான் என்றால் மேற்குச் சுவர்ப் பக்கம் படுக்கையறை இல்லாத வீடாகப் பாருங்கள். பிப்ரவரிக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளைக் குளிர்பூச்சு இரண்டு கை அடிக்க வீட்டுக்காரரின் ஒப்புதலை வாங்குங்கள்.

ஏசி வைக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கும் சலுகை விலை போய்விடும். ஆகவே மின்விசிறி, ஃப்ரிட்ஜ், மோட்டாரோடு ஓர் ஏசி சேர்ந்தாலே கோடையில் 500ஐத் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், உங்களுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, சப் மீட்டரா என்பது. சப் மீட்டர் என்றால் எல்லாக் குடித்தனங்களின் யூனிட்டும் ஒரே இணைப்பில் கூடி மேல்படிக்குப் போகும். இலவச 100ம் ஒன்றுதான். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொன்னால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பம்ப் மோட்டார் யார் மீட்டரில் ஓடுகிறது என்பதையும்.

வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு என்பது பழைய பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி வாடகையை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த "எழுதாத வரை"யில்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் நுழைகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை கழிப்பது இங்கும் உண்டு. குடிவந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பின்னால் வழக்கு வராது.

போக்கியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்குவது. சேலத்தில் நிறையப் பேர் இதைத்தான் விரும்புகிறார்கள். மாதாமாதம் வாடகை கட்டும் கவலை இல்லை என்பது உண்மை. சிக்கல் திரும்ப வாங்கும்போது வருகிறது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தொழிலிலோ மகள் கல்யாணத்திலோ போட்டிருப்பார். அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் உங்களுக்குத் தர முடியும். வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கடன் தவறி வங்கி ஏலம் விட்டால், உங்கள் பணம் வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். எனவே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். வெறும் முத்திரைத் தாளில் கையெழுத்தோடு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவுக்கு வர மறுக்கிற வீட்டில் போக்கியத்துக்குப் போகவே வேண்டாம், வாடகைக்குப் போங்கள்.

எப்போது மாறுவது

பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு அடிதடி. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சமாட்டார்கள்; பலர் புரட்டாசியையும் தவிர்ப்பார்கள். அந்த மாதங்களில் காலியாகும் வீடு அப்படியே நிற்கும், வீட்டுக்காரரும் பேசிக் குறைக்க மனம் வைப்பார். நாள் பார்க்கிறவர்கள்கூட ஆடியில் வீடு பார்த்து, முன்பணம் கொடுத்துப் பிடித்துவைத்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் கோட்டை, பழைய பேருந்து நிலையப் பக்கம் சாமான் வண்டியைக் கொண்டுவர நினைக்காதீர்கள்.

சாமான் ஏற்ற, ஊருக்குள் மாறுவதென்றால் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி போதும். ஒரு படுக்கையறை வீட்டுக்கு இரண்டு நடை, பீரோவும் கட்டிலும் முதல் நடையில். வெளியூரிலிருந்து பதினான்கு அடி லாரி வருமென்றால், குகை, செவ்வாய்ப்பேட்டை, அக்ரகாரத் தெருக்களில் அது திரும்ப முடியுமா என்று முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பெரிய சாலையில் நிறுத்திக் குட்டி யானையில் மாற்ற வேண்டிவரும். அந்தக் கூலியைக் கடைசி நேரத்தில் பேசினால் இரட்டிப்பு. பெங்களூரிலிருந்து வரும் லாரிக்காரரிடம் தொப்பூர் கணவாயை நினைவுபடுத்துங்கள். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் விபத்துகள் அதிகம். கியரைக் குறைத்து இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

வந்த பிறகு கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இந்த வரிசையில் போனால் ஒன்றின் ரசீது அடுத்ததற்கு உதவும். காய்கறிக்குச் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகள். காலை எட்டுக்குள் போனால்தான் நல்லது மிஞ்சும். மாத மளிகையை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு லீ பஜார். மாம்பழத்துக்குச் சின்னக்கடை வீதி: மல்கோவாவும் இமாம்பசந்தும் மே மாதத்துக்கு முன் வந்தால் அவசரப்பட்டுப் பழுக்கவைத்ததாக இருக்கலாம், பொறுங்கள். சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் சாப்பிடுங்கள்: இரண்டு தட்டை, நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், காரச் சட்னி ஒன்று, பச்சைச் சட்னி ஒன்று. கட்டிவாங்கினால் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட வேண்டிய பண்டம் அது.

மேலே ஏற்காட்டில்

வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டில் வீடு பார்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு போய்வருவதற்கும் அங்கே வாழ்வதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஈரம்தான்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரை பனியும் மழையும் மாறிமாறி வரும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. தோல் செருப்பு, பெல்ட், புத்தகம், மர பீரோவின் பின்புறம் இவற்றில் வெண்பூஞ்சை பிடிக்கும். சாமான்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். துணி பீரோவில் ஒரு சிறிய விளக்கை எரியவிடுவது மலைவாசிகளின் பழைய வழி. பல்பு துணியில் படாமல் கம்பிக் கூடு போட வேண்டும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரம் வர நேரமாகும், எனவே இன்வெர்ட்டர் அவசியம். கேஸ் சிலிண்டர் இரண்டு இருக்கட்டும்.

கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தில் ஏறும் பாதை கனமழையில் சரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதைப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. அந்தப் பாதை அடைபட்டால் மாற்று, குப்பனூர் வழி. ஏற்காட்டில் குடியிருப்பவர் இரண்டு பாதையையும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று பிரித்துவிடுவது வழக்கம். அன்றைக்கு ஊருக்குள் இறங்கி வர வேண்டிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இருசக்கர வாகனத்தில் இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வரவேண்டும், ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், மாலைக்கு மேல் வளைவுகளில் காட்டெருமை நிற்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்திவிட்டுக் காத்திருங்கள்.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சிக்கலான பிரசவம் என்றால் சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். நல்ல வானிலையில் ஒரு மணி நேரம். இதயக் கோளாறு உள்ளவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் அங்கே நிரந்தரமாகத் தங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். அவர்களுக்குக் கன்னங்குறிச்சியோ கோரிமேடோ மேல்: மலையும் தெரியும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கிட்டே.

மலையில் மனை வாங்குகிறவர்கள் பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. ஏற்காட்டுக் கிராமங்கள் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. வீடு கட்டவும் மனைப்பிரிவு போடவும் அந்த அனுமதி வேண்டும். காபித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்போது "அப்ரூவல் வந்துரும்ங்க" என்பார்கள். வந்த கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம். சரிவைப் பாருங்கள், மேலே இருக்கும் மனையின் மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள், கோடையில் கிணற்றில் எத்தனை அடி நிற்கிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு தடவை, ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரமாவது வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.